சத்தம் தனியாக வாங்கணுமாம்

சோப்பு வாங்கினாலும் சரி, இருமல் மருந்து வாங்கினாலும் சரி, லேபிள் அக்கா பெட்டியைக் காதருகே கொண்டுபோய் இரண்டு முறை குலுக்கிவிட்டுத்தான் பைக்குள் போடுவார். கடைக்காரர் முறைத்தால் அவரும் திருப்பி முறைப்பார். "வெளிய எழுதியிருக்கிறது உள்ள இருக்கணும். இதுல என்ன தப்பு?" என்பார்.

தொழில் புத்தி அது. மருந்துத் தொழிற்சாலையில் பெட்டி கட்டும் பிரிவில் இருபத்துநான்கு வருடமாகச் சரிபார்க்கும் வேலை. பெல்ட்டில் வரிசையாக வரும் பெட்டிகளில் மருந்துக் குப்பி, அளந்து ஊற்றும் மூடி, மருந்து விவரம் அச்சிட்ட மடித்த தாள் என்று மூன்று சாமான் இருக்க வேண்டும். தாள் இல்லாத பெட்டி குலுக்கும்போது வேறு மாதிரி பேசும் என்பார். ஒருமுறை அந்தத் தாள் விடுபட்டதற்காக, ஏற்றி முடித்த லாரியைத் திரும்ப இறக்க வைத்தார். மேலாளர் கெஞ்சினார், மிரட்டினார், கடைசியில் தானும் வந்து பெட்டி பிரித்தார். அன்றிலிருந்துதான் 'லேபிள் அக்கா' என்ற பெயர்.

மூக்குக்கு மேல் கோபம் என்று ஊரே சொல்லும். அவர் ஒப்புக்கொள்ள மாட்டார். "கோபம் வேற, கேள்வி வேற. நான் கேக்கறது கேள்வி."

அந்தக் கேள்விகளில் மிகப் பழையதற்கு நாற்பது வயது. ஆறாம் வகுப்பில் பாட்டுக் குழுவில் அவரைக் கடைசி வரிசையில் நிறுத்திய டீச்சர், விழாவன்று வாயை மட்டும் அசைத்தால் போதும், சத்தம் வேண்டாம் என்று சொல்லிவிட்டார். அசைத்தார். வீட்டில் எல்லோரும் நன்றாகப் பாடினாய் என்று பாராட்டினார்கள். அந்தப் பாராட்டைத்தான் இன்றுவரை செரிக்க முடியவில்லை.

இந்த வருடம் தொழிற்சாலையின் ஆண்டுக் கூட்டத்துக்கு, திறமை காட்ட விரும்புகிறவர்கள் பெயர் எழுதலாம் என்று பலகையில் தாள் ஒட்டினார்கள். அக்கா பேனாவை வாங்கித் தன் பெயருக்கு எதிரே 'கீபோர்டு வாசிப்பு' என்று எழுதிவிட்டு வந்தார். கீபோர்டு என்று ஒன்றை அதுவரை அவர் தொட்டதுகூட இல்லை. கூட்டத்துக்கு இரண்டு மாதம் இருந்தது. அதற்குள் ஒரு மெட்டைக்கூடவா பழக முடியாது?

அந்த வாரமே கடைக்குப் போனார். அட்டைப்பெட்டியின் மேல் ஒரு பெண் கண்மூடி வாசிக்க, அவளைச் சுற்றி இசைக் குறிகள் வண்ண வண்ணமாகப் பறந்தன. வழக்கம்போல் குலுக்கிப் பார்த்தார். கனமாக, உதிரிச் சத்தம் எதுவுமில்லாமல், நல்ல குடும்பத்துப் பெட்டி மாதிரி இருந்தது.

வீட்டுக்கு வந்து போன் சார்ஜரில் சொருகியதும் சின்னச் சின்ன விளக்குகள் எரிந்தன. ஒரு கட்டையை அமுக்கினார். டக். இன்னொன்று. டக். இருபத்தைந்து கட்டைகளும் கதவைத் தட்டுவதுபோல டக் டக் என்றனவே தவிர, வேறு சத்தமில்லை.

கடைக்குப் போன் போட்டார். விற்றவர் பொறுமையாகச் சொன்னார்: அது கன்ட்ரோலர், அதற்குள் சத்தம் கிடையாது, சத்தம் கம்ப்யூட்டரில் இருந்துதான் வரும்.

"அப்ப இது எதுக்கு?"

"நீங்க எந்தக் கட்டையை அமுக்கினீங்கன்னு இது கம்ப்யூட்டருக்குச் சொல்லும் மேடம்."

"நான் எதை அமுக்கினேன்னு எனக்கே தெரியுமே. அதைச் சொல்ல ஒரு சாமானா?"

போனை வைத்த பிறகும் ஆறவில்லை. பஸ் ஓட்டும் கணவர் சாப்பிட உட்கார்ந்தபோது பொரிந்து தள்ளினார். யானையை விற்றவன் அங்குசம் தரமாட்டேன் என்றால்கூடப் புரிந்துகொள்ளலாம். இவன் அங்குசத்தை விற்றுவிட்டு, யானையை நீயே பிடித்துக்கொள் என்கிறான். கணவர் சோற்றைப் பிசைந்தபடியே, ஸ்டியரிங் மட்டும் வாங்கி வந்த கதையாக இருக்கிறதே என்றார். அதற்கு அக்கா பார்த்த பார்வையில் மோர் கேட்கவும் மறந்துபோனார்.

மகள் வேலைக்காக வெளியூர் போனபோது விட்டுப்போன கம்ப்யூட்டர் ஒன்று கூடத்தில் இருந்தது. அதில் கடைக்காரர் சொன்ன இலவச மென்பொருளைக் கஷ்டப்பட்டு இறக்கினார். பெட்டியோடு வந்த வயர் முழ நீளம்தான். மேசைக்கடியில் இருந்த கம்ப்யூட்டர் பெட்டியில் இருந்து மேசை மேல்வரை எட்டவில்லை. அதனால் போன் சார்ஜரின் நீள வயரைப் போட்டார். விளக்கு எரிந்தது. திரையில் பியானோ படம் வந்தது. சத்தம் வரவில்லை. உதவி எண்ணில் பேசிய பெண், எல்லாவற்றையும் அணைத்து மறுபடி போடச் சொன்னார். மறுநாள் பேசியவரும் அதையே சொன்னார். "அணைச்சு அணைச்சுப் போட இது என்ன அடுப்பா?" என்று அக்கா கேட்டதற்கு, வேறு ஏதாவது உதவி வேண்டுமா என்று பதில் வந்தது.

இப்படியே மூன்று வாரம் போனது. தொழிற்சாலையில் சேதி பரவிவிட்டது. சாப்பாட்டு அறையில் யாராவது மேசையை டக் டக்கென்று தட்டினால் பத்துப் பேர் சிரித்தார்கள். ஒருநாள் சூப்பர்வைசர் அந்தப் பெயர்த் தாளோடு வந்தார். நல்லெண்ணத்தில்தான் கேட்டார்.

"பேரை எடுத்துடட்டுமாக்கா? முன்வரிசையில உக்காந்து கை தட்டவும் ஆள் வேணும்ல."

அக்காவின் முகம் சிவந்தது. எடுக்க வேண்டாம் என்று மட்டும் சொன்னார்.

வீட்டுக்கு வந்து, செருப்பைக்கூட ஒழுங்காகக் கழற்றாமல் மேசை முன் நின்றார். பெல்ட்டில் பெட்டி வராமல் நின்றுபோனால் அவர் கூச்சல் போடுவதில்லை. கடைசிப் பெட்டி விழும் இடத்தில் ஆரம்பித்து ஒவ்வோர் இடமாகப் பின்னோக்கி நடப்பார். அப்படியே இதையும் செய்தார். கடைசி இடம் ஸ்பீக்கர். மகளின் பழைய வீடியோ ஒன்றை ஓடவிட்டார். மகள் கணீரென்று பேசினாள். சரி, ஸ்பீக்கர் மேல் குற்றமில்லை. ஒரு படி பின்னால் போனார். திரையிலிருந்த பியானோவை மவுஸால் அமுக்கினார். ஊமை. அப்படியானால் அடைப்பு இந்த இரண்டுக்கும் நடுவில்தான். அமைப்புகளைத் திறந்து ஒவ்வொரு வரியாகப் படித்தார். மென்பொருள் சத்தத்தையெல்லாம் ஸ்பீக்கரை விட்டுவிட்டு, வாயே இல்லாத மானிட்டருக்கு அனுப்பிக்கொண்டிருந்தது. மாற்றினார். மவுஸ் அமுக்கலுக்கு டிங் என்றது.

கீபோர்டு மட்டும் இன்னும் ஊமை. இன்னொரு படி பின்னால். எந்தக் கருவி இணைந்திருக்கிறது என்று காட்டும் இடத்தில் எதுவும் இல்லை. மீதி இருந்தது வயர் ஒன்றுதான். சந்தேகத்தோடு சார்ஜர் வயரைப் பிடுங்கிவிட்டு அந்த முழ வயரையே சொருகினார். பட்டியலில் கீபோர்டின் பெயர் வந்து நின்றது. சார்ஜர் வயர் மின்சாரத்தைக் கொண்டுபோனதே தவிர, சேதியைக் கொண்டுபோகவில்லை. மூன்று வாரமாக விளக்கைக் காட்டி ஏமாற்றியிருக்கிறது.

வயர் எட்டுவதற்காகக் கீபோர்டை முக்காலியில் வைத்து, தரையில் சம்மணம் போட்டு உட்கார்ந்து ஒரு கட்டையை அமுக்கினார். கூடம் நிறைய ஒரு சுரம் எழுந்தது. சூடுபட்டவர்போலக் கையை எடுத்துவிட்டார். கணவர் பாதிச் சவரத்தில், கன்னத்து நுரையோடு ஓடி வந்தார்.

"ஊமை இல்லைங்க," என்றார் அக்கா. "வழியைத்தான் அடைச்சு வச்சிருந்தாங்க."

மீதி வாரங்களில் ஒரு மெட்டைப் பழகி, கூட்டத்தில் வாசித்தார். கணவர் கம்ப்யூட்டரைக் கைக்குழந்தைபோலத் தூக்கி வந்து மேடையில் வைத்தார். இரண்டாம் அடியில் விரல் தவறியது. நிறுத்திவிட்டு, யாரிடமும் மன்னிப்புக் கேட்காமல் முதலிலிருந்து வாசித்து முடித்தார். மெதுவாகத்தான், ஆனால் முழுதாக. கை தட்டினார்கள், சூப்பர்வைசர் எழுந்து நின்று தட்டினார்.

இதோடு முடிந்தது என்று கணவர் நினைத்தார். அக்கா, கீபோர்டைத் தயாரித்த நிறுவனத்துக்கு, சத்தம் இல்லை என்று பெட்டியில் ஏன் போடவில்லை என்று கேட்டு இரண்டு பக்கக் கடிதம் எழுதினார். ஒரே வரியில் பதில் வந்தது: பெட்டியின் அடியில் தெளிவாக அச்சிட்டிருக்கிறோம். பெட்டியைக் கவிழ்த்தார். அடியில் கடையின் விலைச்சீட்டு மட்டும்தான் ஒட்டியிருந்தது. ஓரத்தை நகத்தால் கிளப்பினார். உள்ளே எறும்பு எறும்பாய் எழுத்து: 'இக்கருவியில் ஒலி இல்லை. கணினியும் மென்பொருளும் தேவை.'

நிறுவனத்தின் மேல் கோபம், கடையின் மேல் கோபம். அதைவிடப் பெரிய கோபத்தைக் கணவரிடம் மட்டும் சொன்னார். "குலுக்கிப் பார்த்தேன். திருப்பிப் பார்க்கலையே."

அடுத்த விடுமுறை நாளில் கடைக்குப் போனார். விற்றவருக்கு அடையாளம் தெரிந்தது. சத்தம் வந்துவிட்டதா என்று சிரித்தபடி விசாரித்தார். விஷயத்தைக் கேட்டதும், சீட்டை எங்காவது ஒட்டித்தானே ஆக வேண்டும், படித்துப் பார்த்து வாங்குவது வாங்குகிறவர் பொறுப்பு என்றார். பக்கத்தில் கண்ணாடி போட்ட ஒருவர் அதே பெட்டியைக் கையில் வைத்து, பேத்திக்குப் பிடிக்குமா என்று தனக்குள்ளே கேட்டுக்கொண்டிருந்தார்.

அக்கா கைப்பையைத் தரையில் வைத்தார். அலமாரியிலிருந்து ஒரு பெட்டியை எடுத்துக் கவிழ்த்து, சீட்டின் மூலையில் கட்டைவிரல் நகத்தைக் கொடுத்து, அச்சு கிழியாமல் நிதானமாக உரித்தார். உரித்த சீட்டைப் பக்கவாட்டில் கோணாமல் ஒட்டி, விரலால் நீவிவிட்டு, அடுத்த பெட்டிக்குக் கை நீட்டினார்.