போர்வை ஓரத்தில் பத்தொன்பது பேர்

நடக்காது என்று மற்றவர்கள் சொன்ன மூன்று காரியங்களை என் தங்கை நடத்திக் காட்டியிருக்கிறாள். முதலாவது, ஆஸ்பத்திரிச் சலவைக்கூடத்து வேலை. துணி மடிக்கும் மேஜை அவள் மார்பு உயரத்துக்கு இருந்தது. மேற்பார்வையாளர், "இன்னும் கொஞ்சம் வளந்துட்டு வாம்மா" என்றார். இருபது வயதுக்கு மேல் எங்கே வளர்வது? காலி சோப்புப் பெட்டியைக் கவிழ்த்துப் போட்டு அதன்மேல் ஏறி நின்றாள். அவர் ஒரு கோப்பைத் தேநீர் குடித்து முடிப்பதற்குள் முப்பத்திரண்டு விரிப்புகளை மடித்து அடுக்கிவிட்டாள். இரண்டாவது, அவள் மகள். எட்டு மாதம் நிறையும் முன்பே பிறந்த குழந்தை. எடை ஒரு கிலோ முந்நூற்று நாற்பது கிராம். மூன்றாவது, அதே ஆஸ்பத்திரியிடமிருந்து அவள் வாதாடித் திரும்ப வாங்கிய ஒரு போர்வை.

முதல் இரண்டும் எங்கள் தெருவில் எல்லோருக்கும் தெரியும். மூன்றாவதை நான்கு பேர்தான் நேரில் பார்த்தோம். அதனால் அதை எழுதி வைக்கிறேன்.

வீட்டிலும் வேலையிடத்திலும் அவளை ஊக்கு என்றுதான் கூப்பிடுவார்கள். சட்டை ஓரத்தில் எப்போதும் நாலைந்து ஊக்கு குத்தி வைத்திருப்பாள். சின்ன உருவம், வளைந்து கொடுப்பாள், அசந்தால் குத்திவிடுவாள் என்பது அவள் கணவர் சொல்லும் விளக்கம். அவர் பஸ் ஓட்டுகிறார். நான் ஜன்னல்களுக்குக் கண்ணாடி வெட்டிப் பொருத்துகிறேன். எங்கள் தொழிலில் அளவு ஒரு மயிரிழை தப்பினாலும் கண்ணாடி சட்டத்துக்குள் போகாது. ஆகவே இங்கே வரும் எண்ணிக்கைகளைச் சரிபார்த்தே எழுதியிருக்கிறேன்.

ஊக்கு பள்ளிக்கூடம் போகவில்லை. அம்மா படுக்கையில் விழுந்தபோது பிள்ளைகள் இரண்டு பேரில் ஒருவர் வீட்டில் இருக்கவேண்டியிருந்தது. நான் எட்டாவது வரை போனேன். அவள் இருந்தாள். ஆனால் சலவைக்கூடத்தில் எழுத்துக்கு வேலை இல்லை. ஆஸ்பத்திரியின் நிலவறையில் இருக்கும் அந்தக் கூடத்துக்கு ஒரு நாளைக்கு ஆயிரத்துச் சொச்சம் துணிகள் வரும். ஒவ்வொரு துணியின் மூலையிலும் அது எந்த வார்டைச் சேர்ந்தது என்பதற்கு வண்ண நூலால் ஒரு குறி தைத்திருப்பார்கள். இரண்டு சிவப்புக் கோடு என்றால் அறுவை வார்டு. நீல வட்டம் என்றால் கண் வார்டு. பிரிப்பவர்கள் மூலையை மட்டும் பார்த்து அந்தந்த வண்டியில் எறிவார்கள். ஊக்குவுக்குத் தெரிந்த எழுத்து அதுதான்.

குழந்தை பிறந்தது பிப்ரவரியில். நாற்பத்தொரு நாள் கண்ணாடிப் பெட்டிக்குள் இருந்தது. வீட்டுக்கு வந்த பிறகு ஞாயிற்றுக்கிழமைகளில் ஊக்குவின் வீடு நிரம்பிவிடும். என் மனைவி வருவாள், சலவைக்கூடத் தோழிகள் வருவார்கள், மாடி வீட்டுப் பெரியவர் செய்தித்தாளோடு இறங்கி வருவார். குழந்தை மடி மடியாக மாறிக்கொண்டிருக்கும். அந்த நேரத்தில் ஊக்கு ஜன்னலோரம் உட்கார்ந்து வெளிர்மஞ்சள் நிறப் பருத்திப் போர்வை ஒன்றின் ஓரத்தில் ஏதோ தைத்துக்கொண்டிருப்பாள். பூவும் இல்லை, கொடியும் இல்லை. இங்கே ஒரு கோடு, அங்கே ஒரு முடிச்சு. எனக்கு அது என்னவென்று தெரியாமல் இருப்புக்கொள்ளவில்லை.

"என்ன தைக்கிறே?" என்றேன்.

"போர்வை."

"போர்வைன்னு தெரியுது. ஓரத்துல என்ன?"

"நீயே கண்டுபிடி, அண்ணா. ஊருக்கெல்லாம் அளவெடுக்கிற ஆளுதானே!"

முதலில் கண்டுபிடித்தது அவள் கணவர். கறுப்பு நூலில் வரிசையாக ஐந்து புள்ளிகள் இருந்தன. "இது நானா?" என்று கேட்டார். அவள் தலையாட்டினாள்.

"எறும்பு மாதிரி இருக்கு!"

"எறும்பேதான். டிப்போவுல இருந்து ஆஸ்பத்திரி, ஆஸ்பத்திரியில இருந்து டிப்போ. நாப்பத்தொரு நாளும் வரிசை தப்பாம ஓடினீங்கல்ல?"

அவர் ஐந்து புள்ளிகளையும் ஒருமுறை எண்ணினார். பிறகு, "எறும்புன்னா சக்கரை எங்க?" என்றார். மாடிப் பெரியவர் சிரித்த சிரிப்பில் குழந்தை விழித்துக்கொண்டது.

அதன் பிறகு எல்லோரும் அவரவர் குறியைத் தேடினார்கள். பிரசவ காலத்தில் தனக்கு உதவிய ஒவ்வொருவருக்கும் ஒரு குறி என்பதுதான் விஷயம். நெட்டை என்று அழைக்கப்படும் தோழி தன் குறியைப் பார்த்துச் சண்டைக்கு வந்தாள். ஊக்குவும் அவளும் சேர்ந்துதான் சூட்டில் தேய்த்துக் காயவைக்கும் சலவைக்கூடத்து உருளை இயந்திரத்தில் ஈர விரிப்புகளை ஆளுக்கொரு முனை பிடித்துக் கொடுப்பார்கள். அவள் குறி பச்சையில் ஒரு நீளக் கோடு, பக்கத்தில் ஒரு குட்டைக் கோடு.

"என் உயரத்தைக் கிண்டல் பண்றியாடி?"

"குட்டைக் கோடு நான்டி. ரெண்டு பேர் பிடிக்கிற விரிப்பை அஞ்சு மாசம் நீ ஒருத்தியே பிடிச்சே. என் இடத்துல வேற ஆளைப் போட விட்டியா?"

"விரலைச் சுட்டுக்கிட்டது யாரு, நீயா நானா?" என்றபடி நெட்டை குழந்தையைத் தூக்கி முகத்தை அதன் வயிற்றில் புதைத்துக்கொண்டாள்.

நான் ஓரத்தை ஒரு மூலையிலிருந்து மறுமூலை வரை எண்ணினேன். பதினெட்டு குறிகள். பதினேழுக்கு ஆள் தெரிந்துவிட்டது. மிச்சம் இருந்த ஒன்று, மூலையில் ஆரஞ்சு நிறத்தில் மூன்று புள்ளிகள்.

"இது நானா?" என்று கேட்டேன்.

"இல்ல."

ஊசியில் புது நூல் கோக்கத் தொடங்கினாள். நான் செய்தது என்ன பெரிய காரியம் என்று மனதைச் சமாதானப்படுத்திக்கொண்டேன். ஆனாலும் அன்று வீடு திரும்பும் வழியில் என் மனைவி இரண்டு முறை, "ஏன் உம்முன்னு வர்றீங்க?" என்றாள்.

செப்டம்பர் 25, ஞாயிறு. குழந்தை போர்வை முழுக்கப் பாலைக் கக்கிவிட்டது. "குடு, கூடத்துல நல்ல தண்ணியில அலசிக் கொண்டு வர்றேன்" என்று நெட்டை அதைச் சுருட்டி எடுத்துப் போனாள். மறுநாள் மதியம் சிறிய டிரம்மில் தனியாக அலசிக் காயப்போட்டிருக்கிறாள். உருளை இயந்திரம் மக்கர் செய்கிறது என்று கூப்பிட்டதும் போனவள் ஒரு மணி நேரம் கழித்து வந்து பார்த்தால் கம்பியில் போர்வை இல்லை. வேலை முடிந்து ஊக்குவின் வாசலில் வந்து நின்றாள். உள்ளே வரவில்லை.

"ஊக்கு, போர்வை தொலைஞ்சு போச்சுடி" என்று சொல்லிவிட்டுப் போய்விட்டாள். அடுத்த ஞாயிற்றுக்கிழமை வரவும் இல்லை. வேலையிடத்தில் விரிப்பின் அந்த முனையைப் பிடித்துக்கொண்டு ஒரு வாரம் வாயே திறக்கவில்லையாம்.

ஊக்கு அன்று நெட்டைக்கும் சேர்த்துத் தேநீர் போட்டு வைத்திருந்தாள். அது ஆடை கட்டிக் கிடந்தது. "போர்வை போனா மறுபடி தைக்கலாம் அண்ணா" என்றாள். "ஆனா யார் யாருக்கு என்னன்னு வரிசை மாறிடும். அதுவும் போகட்டும். இவ ஏன் வரலை?"

எனக்கு ஒரு சந்தேகம். அவ்வளவு துணி வந்து போகும் இடத்தில் ஒரு குழந்தைப் போர்வையை யார், எதற்காகத் திருடப்போகிறார்கள்? கம்பியிலிருந்து எடுத்தவர் அதைத் துணியோடு துணியாகப் பிரித்திருந்தால்?

"மூலையில ஆரஞ்சு புள்ளி போட்டியே, அது யாரு?" என்று கேட்டேன்.

"யாருன்னு தெரியாது. குழந்தைங்க வார்டு வெளியில பெஞ்சுல தூங்கிட்டேன். முழிச்சுப் பாத்தா தலைக்குக் கீழே யாரோ அவங்க ஸ்வெட்டரை மடிச்சு வெச்சிருக்காங்க. ரெண்டு நாள் வெச்சிருந்து பாத்தேன், யாரும் கேட்டு வரலை. பேர் தெரியலையேன்னு அந்த வார்டு குறியையே..."

அங்கேயே நிறுத்திவிட்டாள். கையை வாயில் வைத்துக்கொண்டாள்.

"ஐயோ அண்ணா. மூலையில வார்டு குறி போட்டது நான்தான்!"

குழந்தையை என் மனைவியிடம் கொடுத்துவிட்டு அப்போதே நெட்டையின் வீட்டுக்கு நடந்தாள். நானும் கூடப் போனேன். கதவைத் திறந்ததும், "தப்பு என்னோடதுடி" என்று ஆரம்பித்து எல்லாவற்றையும் ஒரே மூச்சில் சொல்லி முடித்தாள்.

நெட்டை கேட்டுக்கொண்டே நின்றாள். பிறகு, "ஆறு வருஷமா குறி பாத்துக் குறி பாத்துத் துணி பிரிக்கிறவ! மூளையையும் டிரம்ல போட்டு அலசிட்டியா?" என்று ஒரு கத்துக் கத்தினாள். அடுத்து இரண்டு பேரும் கதவைப் பிடித்துக்கொண்டு சிரித்தார்கள். நெட்டையின் கண்ணில் தண்ணீர் வந்தது சிரிப்பினால் மட்டும் என்று நான் நினைக்கவில்லை.

மறுநாள் மதிய இடைவேளையில் இருவரும் குழந்தைகள் வார்டுக்குப் போனார்கள். போர்வை அங்கேதான் இருந்தது, ஒன்பதாம் கட்டிலில், காய்ச்சலில் கிடந்த ஒரு கைக்குழந்தையின் மேல். ஊக்கு பார்த்துவிட்டுச் சத்தமில்லாமல் திரும்பிவிட்டாள்.

"எடுத்துட்டு வரலையா?" என்று நான் கேட்டதற்கு, "அந்தப் பிள்ளை நல்லாத் தூங்குது அண்ணா" என்றாள்.

எட்டு நாள் இடைவேளை தோறும் போய்ப் பார்த்து வந்தார்கள். போர்வைக்காகப் போனவர்கள் மூன்றாம் நாளிலிருந்து அந்தக் குழந்தைக்குக் காய்ச்சல் எவ்வளவு என்றுதான் எங்களிடம் வந்து சொன்னார்கள். ஒன்பதாம் கட்டில் குணமாகி வீட்டுக்குப் போனது. போர்வை இவர்கள் கண்ணில் படாமலேயே சலவையாகித் துணிக்கிடங்கில் ஏறியது.

இருவரும் போர்வையைக் கேட்கக் கிடங்குக்குப் போன அன்று நான் அரைநாள் விடுப்பு எடுத்துக்கொண்டு கூடப் போனேன். கிடங்குக்காரர் மூக்குக்கண்ணாடியைக் கயிற்றில் கட்டிக் கழுத்தில் மாட்டியிருந்தார். கெட்ட மனிதர் இல்லை, கறார் மனிதர்.

"குறி வார்டோடது. அப்போ துணியும் வார்டோடது" என்றார். "நாளைக்கு இன்னொருத்தர் வந்து ஒரு ஜமுக்காளத்தைக் காட்டி என்னோடதும்பாங்க. நான் என்ன பண்றது?"

"குறி போட்டதே இவதான் சார்" என்றாள் நெட்டை.

"நீ சும்மா இரு, ஒட்டகச்சிவிங்கி. அவ சொல்லட்டும்." போர்வையை எடுத்து, எங்கள் கண்ணில் படாமல் மேஜைக்கு அந்தப் பக்கம் தன் மடியில் வைத்துக்கொண்டார். "உன்னோடதுன்னா அதுல என்னென்ன இருக்குன்னு பாக்காம சொல்லு."

ஊக்கு கண்ணை மூடிக்கொண்டாள். "இடது மூலையில இருந்து வர்றேன் சார். முதல்ல நீலச் சொட்டு. நர்ஸம்மா, சொட்டு சொட்டாப் பால் குடுக்கக் கத்துக்குடுத்தவங்க. ரெண்டாவது கறுப்பு எறும்பு, என் வீட்டுக்காரர். மூணாவது பச்சைக் கோடு ரெண்டு. நெட்டையா இருக்கிறது இவ. நாலாவது மஞ்சள் வட்டம், நடுவுல வெட்டுக்கோடு. மாடி வீட்டுப் பெரியவர். பிள்ளை தூங்கட்டும்னு, அவ வந்த நாள்ல இருந்து ரேடியோவைத் திறக்கலை. அவருக்கு அதை விட்டா வேற துணை கிடையாது சார்..."

ஒவ்வொன்றையும் கிடங்குக்காரர் விரலால் தொட்டுத் தொட்டு நகர்ந்தார். பாதி வழியில் என் மனைவிக்கு மூன்று வளையம் வந்தது. பகலெல்லாம் குழந்தையைப் பார்த்துக்கொள்பவள் அவள்தான்.

"பன்னிரண்டாவது, வெள்ளைச் சதுரம்" என்றாள்.

"இல்லையே" என்றார் கிடங்குக்காரர்.

நான் எண்ணியபோதும் அங்கே ஒன்றும் இல்லை.

"கண்ணுக்குத் தெரியாது சார். தடவிப் பாருங்க."

அவர் தடவினார். விரல் நின்றது. "ஆமா, இருக்கு. வெளிர்மஞ்சள் துணியில வெள்ளை நூலைப் போட்டா எப்படித் தெரியும்?"

"கண்ணாடி தெரியக்கூடாதுல்ல சார். எங்க அண்ணா. பிள்ளை வீட்டுக்கு வர்றதுக்கு முந்தின நாள், குளிர் உள்ளே வரக்கூடாதுன்னு உடைஞ்ச ஜன்னலைக் கழட்டிப் புதுக் கண்ணாடி போட்டுட்டு, சொல்லாமக் கொள்ளாமப் போயிட்டாரு. ரெண்டு நாள் கழிச்சுத்தான் பாத்தேன்."

நெட்டை என்னைத் திரும்பிப் பார்த்தாள். நான் அலமாரியில் அடுக்கியிருந்த தலையணை உறைகளைப் பார்த்துக்கொண்டிருந்தேன்.

பத்தொன்பதாவதாக ஆரஞ்சுப் புள்ளிகளுக்கு வந்து, ஸ்வெட்டர் கதையைச் சொல்லி முடித்தாள்.

"ஆள் யாருன்னே தெரியாது. அவங்களுக்கு எதுக்கும்மா குறி?" கிடங்குக்காரர் இப்போது விசாரணைக்காகக் கேட்கவில்லை, தெரிந்துகொள்ளக் கேட்டார்.

"தெரிஞ்சவங்களுக்கு நேர்லயே சொல்லிடலாம் சார். இவங்களுக்கு வேற எப்படிச் சொல்றது?"

அவர் மூக்குக்கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். பிறகு ஒரு படிவத்தை எடுத்து, 'வெளிர்மஞ்சள் பருத்திப் போர்வை, ஓரத்தில் பத்தொன்பது தையல் குறிகள், உரிமையாளரிடம் ஒப்படைக்கப்பட்டது' என்று எழுதி, மைப்பெட்டியைத் திறந்து அவள் பக்கம் தள்ளினார். ஊக்கு கட்டைவிரலை ஒற்றி வைத்தாள். ஊதா நிறத்தில் ஒரு தீற்றல் விழுந்தது. கோடே இல்லை. வேறு விரலை வைக்கச் சொன்னார். அதுவும் அப்படியே. ஆறு வருடச் சலவைச் சோடாவிலும் கொதிநீரிலும் அவள் விரல்களின் ரேகைகள் தேய்ந்து வழவழவென்று ஆகியிருந்தன.

"இதை வெச்சு நான் என்ன பண்றது? யார் விரல்னே சொல்ல முடியாதே" என்றார். "கையெழுத்து இருந்தாத்தான் வெளியில விட முடியும்."

நான் கையெழுத்துப் போட முன்னால் போனேன். ஊக்கு கையை நீட்டித் தடுத்தாள்.

"போர்வை என்னோடது அண்ணா. என் பேரை ஒரு தாள்ல எழுதிக் காட்டு."

படிவத்துக்குப் பக்கத்தில் ஒரு துண்டுத் தாளில் பெரிதாக, இடைவெளி விட்டு எழுதினேன். ஐந்து எழுத்து. புதுக் குறியைப் பார்ப்பதுபோல் மூக்கு தாளில் படும்படி குனிந்து பார்த்தாள். விரலால் ஒரு முறை அதன்மேல் போய் வந்தாள்.

"எங்க ஆரம்பிக்கணும்?"

"இடது பக்கம்."

பேனாவை ஊசி பிடிப்பதுபோல் பிடித்தாள். கோட்டை ஒரேயடியாக இழுக்கவில்லை. சிறிது இழுத்து, எடுத்து, கொஞ்சம் தள்ளிக் குத்தி, மறுபடி இழுத்தாள்.

"சேத்து எழுதும்மா" என்றார் கிடங்குக்காரர்.

"அவ தைக்கிறா சார். விடுங்க" என்றாள் நெட்டை.

சுவர்க்கடிகாரப்படி நான்கு நிமிடம் ஆனது. ஐந்து எழுத்துகளும் புள்ளி புள்ளியாக, வரி விலகாமல், ஒன்றுக்கொன்று ஒரே அளவு இடைவெளியில் நின்றன. கிடங்குக்காரர் போர்வையை மடித்து அவள் கையில் கொடுத்துவிட்டு, அந்தப் பெயருக்குக் கீழே தேதியைப் போட்டார்: வியாழக்கிழமை, 13 அக்டோபர் 2011.