பிறேமுக்குப் பின்னால் இருந்த படம்

1. கரண்டைத் திட்டிய மாலை

விளக்குகள் ஒவ்வொன்றாக அணையத் தொடங்கியபோது நான் முதலில் கரண்டைத்தான் திட்டினேன். "நாசமாய்ப் போன கரண்ட், இண்டைக்கெண்டு பாத்துப் போகுது" என்றேன். நானும் ட்றோன் விடுகிற பெடியனும் முல்லைத்தீவுக் கடற்கரையில் நின்றிருந்தோம். பொழுது பட்டு இருபது நிமிடம் இருக்கும். எங்களுடைய ட்றோன் பட்டினத்துக்கு மேலே நின்று படம் பிடித்துக்கொண்டிருந்தது.

இதை வாசிக்கும் இளம் படப்பிடிப்பாளர்களுக்கு ஒன்று சொல்லிவிடுகிறேன். ஊரின் இரவுப் படத்தை நடுச்சாமத்தில் எடுப்பதில்லை. அப்போது வானம் கறுத்துவிடும், கூரை எது வானம் எது என்று தெரியாது. பொழுது பட்ட பிறகு அரை மணித்தியாலம் வானத்தில் நீலம் நிற்கும். அதற்குள் வேலையை முடிக்க வேண்டும். எங்கள் பக்கத்தில் சூரியன் ஊருக்குப் பின்னால், நந்திக்கடல் பக்கம் விழுவதால், கடற்கரையில் நின்று ஊரைப் பார்த்து எடுத்தால் அந்த நீலம் முழுதும் கிடைக்கும்.

அந்த அரை மணித்தியாலத்தில்தான் விளக்குகள் அணைந்தன.

2. ரஷீத் நானாவின் ஓடர்

படத்தைக் கேட்டவர் ரஷீத் நானா; எங்கள் ஊர் முஸ்லிம் சனத்துக்கு நானா என்றால் அண்ணன். என் ஸ்ரூடியோவுக்கு இரண்டு கடை தள்ளி ஹாட்வெயார் கடை வைத்திருப்பவர். தொண்ணூறில் இயக்கப் போராளிகள் முஸ்லிம் சனங்களை ஊரைவிட்டுப் போகச் சொன்னபோது குடும்பத்தோடு புத்தளத்துக்குப் போய், சண்டை முடிந்த பிறகு திரும்பி வந்தவர். அவருடைய ராத்தா, அதாவது மூத்த சகோதரி, இன்னும் புத்தளத்தில்தான் இருந்தா. எழுபது வயது தாண்டிவிட்டது, புருசனும் காலமாகிவிட்டார், தனிக்கட்டை. நானா வா வா என்று கூப்பிடாத நாளில்லை.

"வர மாட்டன் எண்டுறா தங்கச்சி. அந்த ஊர் எனக்கு இருட்டு எண்டுறா. வெளிக்கிட்ட அண்டைக்குப் பின்னேரம் எங்கட ஒழுங்கையில ஒருத்தரும் விளக்குப் போடேல்லயாம். எங்களைப் பாக்கக் கூடாதெண்டு எல்லாத்தையும் நூத்து, அணைச்சுப் போட்டு இருந்தாங்களாம். முப்பது வருசத்துக்கு மேலாச்சு, அந்த ஒண்டைத்தான் திருப்பித் திருப்பிச் சொல்றா."

"அதுக்கு நான் என்ன செய்ய நானா?"

"இப்ப ஊர் எப்பிடி வெளிச்சமா இருக்கெண்டு ஒரு படம் எடுத்துத் தாங்கோ. பெரிசா, பிறேம் போட்டு. வெள்ளிக்கிழமை புத்தளம் போறன். இந்தமுறையும் இல்லை எண்டா, இனி நான் கேக்க மாட்டன்."

ஒல்லாந்தர் கோட்டை கட்டிய பழைய பட்டினம் இது. இன்று கோட்டையும் இல்லை. சுனாமியும் சண்டையும் தின்று மிஞ்சியதில் திரும்பக் கட்டியதுதான் இப்போது இருக்கிற ஊர். அதை ஒரே படத்தில் வெளிச்சமாகக் காட்ட வேண்டுமென்றால் மேலே இருந்துதான் எடுக்க வேண்டும் என்று எனக்குத் தோன்றியது. வவுனியாவில் கலியாணவீடுகளுக்கு ட்றோன் விடுகிற சுதனைக் கூப்பிட்டேன். அனுமதிக் கடிதமெல்லாம் அவனே எடுத்துக்கொண்டு வந்தான்.

3. "கை தானாப் போயிட்டுது"

சுதனின் ரிமோட் திரையைக் குனிந்து பார்த்தபோது ஒன்று உறைத்தது. தெருவிளக்குகள் எரிகின்றன. கடைகள் எரிகின்றன. நானாவின் ஒழுங்கையில், அந்தச் சின்னத் தெருவில், வீடுகள் மட்டும் அணைகின்றன. முதலில் ஒன்று, பிறகு அதற்குப் பக்கத்து வீடு, பிறகு எதிர்ப்பக்கம். கரண்ட் இப்படிப் போகாது.

நான் தலையை நிமிர்த்தினேன். அப்போதுதான் எங்கள் ட்றோனின் சத்தம் காதில் விழுந்தது.

சண்டைக் காலத்தில் வன்னிக்கு மேலே ஆளில்லாத வேவு விமானம் சுற்றும். நாங்கள் அதை வண்டு என்போம். இரவில் அந்த இரைச்சல் கேட்டால் குப்பி விளக்கையும் ஊதி அணைத்துவிட்டு பங்கருக்குள் இறங்குவோம். வண்டு பார்த்துவிட்டுப் போனால் பின்னால் ஷெல் வரும். நானும் ஊதி அணைத்தவள்தான். எத்தனை தரம் என்று கணக்கில்லை.

"சுதன், இறக்கு."

"பட்டரி இன்னும் பாதி கிடக்கக்கா. வானம் நல்லா இருக்கு..."

"இறக்கெண்டா இறக்கடா!"

அவன் பயந்து இறக்கினான். சண்டைக்குப் பிறகு பகலில் எத்தனையோ கலியாணத்துக்கு ட்றோன் விட்டிருக்கிறோம், சனம் மேலே பார்த்துக் கை காட்டும். இருட்டில் அதே சத்தம் வேறு என்று எனக்குத் தெரிந்திருக்க வேண்டும். வவுனியாவில் வளர்ந்த சுதனுக்குத் தெரியாதது குற்றமில்லை. எனக்கு எங்கே போயிற்று புத்தி? வெட்கமாக இருந்தது.

ஒழுங்கைக்கு ஓடினேன். முதலில் அணைந்த வீடு கலாவுடையது. காலையில் அப்பம் சுட்டு விற்பவள், நாற்பத்தைந்து வயதிருக்கும். முற்றத்தில் இருட்டில் நின்றாள்.

"கலா, அது எங்கட ட்றோன். படம் எடுக்க விட்டது. மன்னிச்சுக்கொள்ளும்."

அவள் ஒருதரம் வானத்தை நிமிர்ந்து பார்த்தாள். பிறகு சிரித்தாள், அழுகிற மாதிரி.

"கை தானாப் போயிட்டுது அக்கா. சுவிச்சை நிப்பாட்டினாப் பிறகுதான் யோசிச்சன், ஏன் நிப்பாட்டினனான் எண்டு."

பக்கத்து வீட்டுக்காரர் வேலிக்கு மேலால் எட்டிப் பார்த்தார். "கலா வீட்டு லைற் நிண்டிட்டுது, நானும் நிப்பாட்டினன். இனி உதைப் பறக்க விடேக்க ஒரு சொல்லுச் சொல்லிப் போட்டு விடுங்கோ பிள்ளை. நெஞ்சு நிண்டிருக்கும்."

கடிதம் கொடுக்க வேண்டிய இடத்துக்கெல்லாம் கொடுத்திருந்தோம். விளக்குப் போட்டிருந்த சனத்துக்கு மட்டும் சொல்லவில்லை.

4. ஆணிப் பை

மறுநாள் பின்னேரம் வீடு வீடாகப் போனேன். கலாவும் கூட வந்தாள். இன்றைக்கு ட்றோன் இல்லை, ஸ்ராண்டில் கமராவை வைத்துத்தான் எடுப்பேன், ஏழு மணிவரை எல்லா லைற்றும் போட்டு வையுங்கோ என்று சொன்னோம். எதற்கு என்று கேட்டவர்களுக்குக் கலாவே காரணத்தையும் சொன்னாள்.

நானாவின் கடை மொட்டை மாடியில் ஸ்ராண்டை நட்டேன். கடல் காற்றுக்கு அது ஆடியது. இரவுப் படத்துக்கு ஷட்டர் பதினைந்து செக்கன் திறந்திருக்க வேண்டும். அதற்குள் கமரா ஒரு மயிரிழை அசைந்தாலும் விளக்கெல்லாம் புழுவாய் நெளியும். நானா ஐந்து கிலோ ஆணியை ஒரு பையில் போட்டுக் கொண்டுவந்தார். அதை ஸ்ராண்டின் நடுவில் கட்டித் தொங்கவிட்டதும் ஆட்டம் நின்றது.

"நடக்கிற ஆக்கள் படத்தில விழமாட்டினம், அசையாமல் நிண்டாத்தான் தெரிவியள்" என்று நான் வாய்விட்டுச் சொல்லியிருந்தேன். சும்மா இருப்பார்களா? ஒழுங்கைச் சனம் முழுக்கப் படலைகளில், வேலி வாசல்களில், வந்து விறைத்துக்கொண்டு நின்றது. கலா குசினி லைற்றையும் போட்டு, கதவை அகலத் திறந்து வைத்திருந்தாள். படம் நன்றாக வந்தது. இன்றைக்கும் என் ஸ்ரூடியோவில் தொங்குகிறது.

பிரிண்ட் போடுவதற்கு முன் அந்தத் தாளில் கறுப்பு எப்படி விழுகிறது என்று பார்க்க, முதல் நாள் ட்றோன் எடுத்த இருண்ட படத்தை அதே அளவில் ஒன்று அடித்துப் பார்த்திருந்தேன். சோதனைக்கு அடித்த பிரிண்ட்டை நாங்கள் எறிவதில்லை. பிறேம் போடும்போது நல்ல படத்துக்குப் பின்னால் வைத்து மட்டையை அடிப்போம், படம் வளையாமல் நிற்கும். அன்றும் பழக்க தோசத்தில் அப்படியே செய்து நானாவிடம் கொடுத்தேன்.

5. புத்தளத்திலிருந்து வந்த கோல்

சனிக்கிழமை நானா போனில் கோல் எடுத்தார். குரல் ஒரு மாதிரி இருந்தது.

"சோடிச்ச படம் எண்டுறா தங்கச்சி. கலியாணவீட்டுக்கு நிக்கிற மாதிரி நிண்டா ஆர் நம்புவாங்க எண்டுறா. கண்ணாடி மினுங்குது, கழட்டு, வடிவாப் பாப்பம் எண்டா. கழட்டினன். உள்ளுக்கு இன்னொரு படம் கிடக்கு. ராத்தா கதைக்கப் போறாவாம்."

வெளிச்சத்தைக் காட்டச் சொன்னவருக்கு இருட்டையும் சேர்த்துக் கட்டிக் கொடுத்திருக்கிறேன்!

"மகள்," என்றா ராத்தா. "இது எங்கட ஒழுங்கைதானே. தெருவில லைற் எரியுது. வீட்டுக்காரர் ஏன் நூத்தாங்க?"

பொய் சொல்ல ஒரு கணம் நினைத்தேன். ஆனால் வாய் வரவில்லை. ட்றோன், வண்டு, கலாவின் கை, எல்லாவற்றையும் சொன்னேன்.

"அவங்களுக்கு இன்னும் பயமா மகள்?"

"ஓம் ராத்தா. சத்தம் கேட்டாப் பயம்தான்."

"அப்ப அண்டைக்கும்... பயத்திலதான் நூத்தாங்களோ?"

"எனக்குத் தெரியாது ராத்தா. நான் அப்ப இந்த ஊரில இல்லை, மல்லாவியில. பொய் சொல்ல மாட்டன்."

"முதல் நூத்த வீடு ஆரிட?"

"கலா எண்டு, அப்பம் சுடுறவா. நாகம்மாவின்ர மகள்."

"நாகம்மாட மகளோ..." என்றா. உடனே போனைத் தம்பியிடம் கொடுத்துவிட்டா.

6. படலைக்குப் பின்னால்

இரண்டு கிழமை கழித்து ராத்தா வந்தா. பார்த்துவிட்டுப் போக என்றுதான் வந்தா, கையில் ஒரே ஒரு பை. தம்பியின் வீட்டுக்குள் போகாமல் நேரே கலாவின் படலையில் போய் நின்றா. என்னையும் கூட வரச் சொன்னா.

"உன்ட உம்மா இருக்காவா?"

"அம்மா மோசம் போயிட்டா. சண்டைக்குள்ள."

ராத்தாவின் முகம் வாடிவிட்டது. கேட்க வந்த ஆள் இல்லை. ஆனாலும் கேட்டா. "நாங்க போன அண்டைக்கு நீ சின்னப் பிள்ளை. உனக்கு ஞாபகம் இருக்காது. விளக்கேன் போடேல்ல எண்டு..."

"ஞாபகம் இருக்கு" என்றாள் கலா. "அம்மாதான் நூத்தவா. நூத்துப் போட்டுப் படலைக்குப் பின்னால நிண்டவா. வாயைப் பொத்திக்கொண்டு அழுதவா. வெளிச்சத்தில அழுதா ஆராவது பாத்திடுவினம் எண்ட பயம். நீங்கள் சந்தி திரும்புமட்டும் நிண்டவா."

ராத்தா கலாவின் கையைப் பிடித்துக்கொண்டா. இரண்டு பேரும் அழுதார்கள், நானும் அழுதேன், மறைக்க ஒன்றுமில்லை. அந்த ஒரு பையோடு வந்த மனிசி பிறகு புத்தளத்துக்குப் போனது மிச்சச் சாமான்களை எடுத்து வரத்தான்.

நான் படித்த பாடம் சின்னது. பிழைத்த படத்தை அழிக்காதீர்கள். இரவில் ட்றோன் ஏற்றுவதென்றால் கடிதம் மட்டும் போதாது, ஒழுங்கை முழுக்க வீடு வீடாகப் போய்ச் சொல்லுங்கள். நான் இப்போது அப்படித்தான் செய்கிறேன். கலா வீட்டில் தொடங்கி ராத்தா வீட்டில் முடிப்பேன்.

"ராத்தா, இண்டைக்குப் பின்னேரம் ஏத்தப் போறம். சத்தம் கேக்கும், பயப்பிடாதேங்கோ."

அவா ஒவ்வொரு முறையும் ஒரே பதில்தான் சொல்லுவா. "நீ ஏத்து மகள். நான் கலா வீட்டில போய் நிக்கிறன், அவள் விளக்கை நூக்காம."