டொக்டர் சொன்னதில் நான் சொல்லாமல் விட்டவை

என் மனைவி என்ன சாப்பிட வேண்டும், எப்போது சாப்பிட வேண்டும் என்று டொக்டர் என்னிடம் சொன்னார். நான் அதை அவளிடம் சொல்லவில்லை. மறதியால் அல்ல. வேண்டுமென்றே சொல்லாமல் விட்டேன்.

பன்னிரண்டு வருடங்களாகிவிட்டன. நான் அப்போது ஓய்வு பெறும் வயதை நெருங்கிய பள்ளிக்கூட ஆசிரியன். அவளுக்குப் பல மாதங்களாக நெஞ்சுக்குழிக்குக் கீழே எரிச்சல். ஒருநாள் ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப் போனேன். டொக்டர் சிங்களவர், பொறுமையான மனிதர். அவளுக்குச் சிங்களம் தெரியாது. முதல் நியமனத்தில் மலையகத்துக்குப் போனபோது நான் சிங்களம் பழகியிருந்தேன்.

இரைப்பையின் உட்புறம் அழன்றுபோயிருக்கிறது என்றார். வெறும் வயிற்றோடு இருக்கவே கூடாது. மூன்று மணித்தியாலத்துக்கு ஒருமுறை கொஞ்சமாகச் சாப்பிட வேண்டும். கொச்சிக்காய் உறைப்பு, புளி, பொரியல், பால் விடாத வெறுந்தேத்தண்ணி ஒன்றும் ஆகாது. குழைந்த சோறு, கஞ்சி, அவித்த மீன், தேங்காய்ப்பால் விட்ட உறைப்பில்லாத பாலாணக் கறி நல்லது. யாருக்காகவும் காத்திருந்து பட்டினி கிடக்க வேண்டாம் என்று அவளைப் பார்த்தே சொன்னார்.

"என்ன சொல்றாரு?" என்று கேட்டாள்.

"மருந்தைச் சாப்பாட்டுக்கு முதல் போடட்டாம்."

"இவ்வளவு நேரமும் அதையா சொன்னாரு?"

"ஓம்."

ஏன் அப்படிச் செய்தேன் என்பதையும் எழுத வேண்டும். எங்கள் பக்கத்தில் கலியாணம் முடித்தவன் மனைவியின் வீட்டுக்குத்தான் போய் இருப்பான். செட்டிபாளையத்தில் நாங்கள் இருக்கும் வளவும் வீடும் கிணறும் அவளுடைய சீதனம். அடுத்த வளவில் அவளுடைய அக்கா. அந்த வீட்டில் எனக்கென்று இருந்தது ஒன்றுதான்: நான் வரும்வரை சோற்றுப்பானையில் யாரும் கை வைக்கமாட்டார்கள். பள்ளிக்கூடம் விட்டு, வாசிகசாலையில் பத்திரிகை பார்த்து, நாலு பேரோடு அரசியல் பேசிவிட்டு மூன்றரைக்குத்தான் வருவேன். வந்ததும் கண்ணில் நீர் வர உறைக்கும் இறால் கறி வேண்டும். அவள் அதுவரை வெறுந்தேத்தண்ணியைக் குடித்துப் பசியை அடக்கிக்கொண்டு இருப்பாள். பிறகு நான் மிச்சம் வைத்த அதே கறியோடு சாப்பிடுவாள். டொக்டர் சொன்னதைச் சொல்லியிருந்தால் என் சாப்பாட்டு நேரமும் கறியும் மாறியிருக்கும். அதற்காகத்தான் சொல்லவில்லை.

அக்கா ஒருநாள் வேலிக்கு மேலால் கேட்டார்: "என்ன மச்சான், பள்ளிக்கூடத்தில மணி உடைஞ்சு போச்சா? இவள் இஞ்ச காய்ஞ்சு கருவாடாகிறாள்."

"உங்கட தங்கச்சிக்குப் பசி வந்தாத்தானே," என்று சிரித்துக்கொண்டே சொன்னேன்.

மனைவி குசினிக்குள் இருந்து, "நீ சும்மா இரு அக்கா," என்றாள்.

ஐந்தாறு மாதம் போனது. ஒரு காலையில் கிணற்றடியில் குந்தியிருந்து வாந்தி எடுத்தாள். கோப்பித்தூளைக் கரைத்து ஊற்றியதுபோல் இருந்தது. எழும்பினவள் அப்படியே சரிந்தாள். வயிற்றுக்குள் இரத்தம் கசிந்திருக்கிறது என்று ஆஸ்பத்திரியில் இரத்தம் ஏற்றினார்கள். இந்த முறை இருந்தது ஒரு தமிழ்ப் பெண் டொக்டர். என் மனைவியிடமே கேட்டார்: "சாப்பாட்டைப் பற்றி உங்களுக்கு முதலே ஒருத்தரும் சொல்லல்லையா அம்மா?"

"இல்ல பிள்ள," என்றாள்.

நான் கட்டிலின் கால்மாட்டில் நின்றேன். போர்வையை இழுத்து அவளுடைய காலை மூடினேன்.

அதற்குள் நான் ஓய்வு பெற்றிருந்தேன்; வீட்டுக்கு வந்ததும் சமையலை நான் எடுத்துக்கொண்டேன். இரண்டு மகன்மாரும் கலியாணம் முடித்துப் பெண் வீடுகளுக்குப் போய்விட்டதால் வீட்டில் நாங்கள் இருவர்தான். முதல் நாள் நான் வைத்த கஞ்சியைக் கரண்டியால் தூக்கிப் பார்த்தாள்.

"இது குடிக்கவா, நோட்டீஸ் ஒட்டவா?"

மெல்லப் பழகினேன். பச்சையரிசியை நன்றாகக் குழைய விட்டுக் கடைசியில் தேங்காயின் இரண்டாம் பாலை ஊற்றி இறக்குவேன். பூசணியை மஞ்சளும் உப்பும் போட்டு அவிப்பேன். மீனை முள் எடுத்துக் கொடுப்பேன். பன்னிரண்டு மணிக்கு அவளை இருத்தி முதலில் பரிமாறுவேன். முதல் சில கிழமை அவளால் எனக்கு முதல் சாப்பிட முடியவில்லை. அக்கா கண்டு கேலி செய்வாரோ என்று சுவரைப் பார்த்திருந்து சாப்பிட்டாள். நானும் அதே கஞ்சியைத்தான் குடித்தேன். கொச்சிக்காயை வீட்டுக்குள் கொண்டு வரவில்லை.

எரிச்சல் குறைந்தது. முகத்தில் சதை வைத்தது. எனக்கு நிம்மதி வந்திருக்க வேண்டும். ஆனால் ஒரு பின்னேரம் அவள் அக்காவிடம் சொல்வது காதில் விழுந்தது: "எல்லாரும் மனிசனைக் குறை சொல்லுவாங்க அக்கா. அந்தப் பொம்பிளை டொக்டர் சொன்ன நாளையில இருந்து நான் தின்னாம இருக்க இவர் விட்டதில்ல."

மறுநாள் கஞ்சிக் கோப்பையை அவள் முன்னால் வைத்துவிட்டு எல்லாவற்றையும் சொன்னேன். முதல் டொக்டர் சொன்னதை ஒரு வார்த்தை விடாமல் சொன்னேன். அவ்வளவும் எனக்கு ஞாபகத்தில் இருந்தது என்பதுதான் அவளுக்கு அதிகம் வலித்திருக்க வேண்டும்.

கோப்பையைத் தன் பக்கம் இழுத்தாள். "அவர் அவ்வளவு நேரம் கதைச்சாரு. நீங்க ஒரு வரி சொன்னீங்க. அப்பவே நான் வேற ஆக்களிட்டக் கேட்டிருக்கணும்."

ஏசவில்லை. கஞ்சியைக் குடித்து முடித்துக் கோப்பையைத் தானே கழுவி வைத்தாள்.

அந்தத் தமிழ் டொக்டர் பிறகு மாற்றலாகிப் போனார். வந்தவர் மறுபடியும் சிங்களவர். கிளினிக் நாளன்று நான் சட்டை போட்டு வெளிக்கிட்டபோது, வேலிப் படலையடியில் அக்காவின் மகள் நின்றாள். கொழும்பில் படித்த பிள்ளை, சிங்களம் நன்றாகப் பேசுவாள்.

"நீங்க டொக்டரிட்ட வராம வெளியில இருங்க," என்றாள் மனைவி. "பிள்ள கேட்டுச் சொல்லுவாள்."

அன்று முதல் அப்படித்தான். நான் கஞ்சி ஊற்றிய சுடுதண்ணிப் போத்தலோடு கிளினிக் வாசல் வாங்கில் உட்கார்ந்திருப்பேன். அவர்கள் உள்ளே போவார்கள். முதல் நாள் அரை மணித்தியாலத்துக்கு மேல் எடுத்தது. வெளியே வந்ததும் கஞ்சியை ஊற்றிக் கொடுத்தேன். வாங்கிக் குடித்தாள்.

"என்ன சொன்னாரு?" என்று கேட்டேன்.

அக்காவின் மகள் ஏதோ சொல்ல வாயெடுத்தாள். மனைவி அவளுடைய கையைப் பிடித்தாள்.

"மருந்தைச் சாப்பாட்டுக்கு முதல் போடட்டாம்," என்றாள்.