திங்கட்கிழமைத் தட்டு

ரேவதி கிரவுண்டில் மயங்கி விழுந்ததும், "மெஸ் சாப்பாடு சரியில்லை" என்று யாரோ சொல்லிவிட்டார்கள். என் மெஸ்ஸையா! பாத்திரம் கழுவ வந்து, மூன்றாம் வகுப்புப் படிப்போடு இந்தக் கல்லூரி ஹாஸ்டல் மெஸ் கான்ட்ராக்டையே எடுத்தவள் நான். என் சாம்பாருக்காகவே லீவில் வீட்டுக்குப் போக மனம் வராத பெண்கள் உண்டு.

ரேவதி கீழ்பென்னாத்தூர்ப் பக்கம். கபடியில் ரைடு போனால் தொடாமல் திரும்ப மாட்டாள். பல்கலைக்கழக டீமுக்கு ஆள் எடுக்க இன்னும் சில மாதம்தான் இருந்தது. ரத்தம் சோதித்தால் ஹீமோகுளோபின் எட்டு. டாக்டர் இரும்புச்சத்து மாத்திரை எழுதினார். பி.டி. மேடம் கறாராகச் சொன்னார்:

"பத்தைத் தாண்டட்டும். அதுவரைக்கும் பெஞ்சுதான்."

"மாத்திரை டாக்டர் வேலை, தட்டு என் வேலை, மேடம்" என்றேன்.

எங்கள் மெஸ்ஸில் ஒவ்வொரு பெண்ணுக்கும் பெயர் பொறித்த தட்டு. கழுவிக் கவிழ்த்து வைத்திருப்போம். யார் சாப்பிட வரவில்லை என்று அலமாரியே சொல்லிவிடும். திங்கள், வெள்ளி, பௌர்ணமி என்றால் ரேவதியின் தட்டு அசையவே அசையாது.

"இன்னாடி, டயட்டா?"

"விரதம் பெரிம்மா. டீ மட்டும்தான். நான் டீம்ல சேரணும்னு அம்மா அண்ணாமலையாருக்கு வேண்டிக்கினாங்க. கிரிவலமும் ஒண்ணும் சாப்பிடாமத்தான் சுத்தறேன்."

ஆடுவதற்கு ரத்தம் வேண்டும். ஆட்டத்துக்காகவே பட்டினி! அவள் அம்மாவுக்குப் போன் போட்டேன்.

"ஏம்மா, வேண்டிக்கினது நீ, பட்டினி கெடக்கறது அவளா?"

"சாமி விஷயம்க்கா. பாதியில நிறுத்தினா குத்தமாயிடும்."

"நிறுத்தச் சொன்னனா? வேண்டிக்கினவங்களே விரதம் இருக்கட்டும்."

"சரிக்கா, நானே இருந்துக்கறேன்."

அப்புறம் என் ராஜ்ஜியம்தான். முருங்கைக்கீரை போட்ட கேழ்வரகு அடை, முட்டை, எள்ளுருண்டை, ஞாயிற்றுக்கிழமை ஈரல். டாக்டர் சொன்னபடி மாத்திரைக்கும் சாப்பாட்டுக்கும் பக்கத்தில் டீயை நெருங்க விடவில்லை. சில மாதத்தில் ஹீமோகுளோபின் பத்தைத் தாண்டியது. செலக்‌ஷன் மேட்சில் ரேவதி இறங்கினாள், டீமிலும் சேர்ந்தாள்.

அன்று திங்கட்கிழமை. மேட்ச் பார்க்க வந்த அவள் அம்மா மகளோடு மெஸ்ஸுக்கும் வந்தார்.

"எல்லாம் அண்ணாமலையார் புண்ணியம்க்கா."

"என் ஈரல் குழம்புக்கும் கொஞ்சம் பங்கு குடு."

சிரித்தார். ஆனால் வாசலில் இருந்த இரண்டு படி ஏறியதற்கே மூச்சு வாங்கி, தூணைப் பிடித்து நின்றார். கீழ் இமையை இழுத்துப் பார்த்தேன். மகளுக்கு இருந்ததைவிட வெளுப்பு.

"உக்காரும்மா, சாப்பிடு."

"இன்னைக்கு விரதம்க்கா."

"அதான் வேண்டுதல் பலிச்சிடுச்சே?"

"கப்பு ஜெயிக்கணும்னு புதுசா வேண்டிக்கினேன்."

அந்த விரதத்தை அவர் தலையில் கட்டியவளே நான்தானே! ரேவதிதான் எழுந்தாள். அலமாரியிலிருந்து தன் தட்டை எடுத்து நிமிர்த்தி, இரண்டு அடை போட்டு அம்மா முன்னால் வைத்தாள்.

"கப்பு நான் ஜெயிச்சிக்கறேன். நீ துன்னும்மா. நாளைக்கு ஜி.எச்.ல உனக்கும் ரத்தம் பாக்கறோம்."

அவர் மகளையே பார்த்தார். பிறகு அடையைப் பிட்டார்.

இந்தத் தொழிலுக்கு வருகிற பிள்ளைகளுக்குச் சொல்கிறேன். இங்கே ஒரு பெண்ணின் தட்டை நிமிர்த்திவிட்டோம் என்று சும்மா இருந்துவிடாதீர்கள். அவள் வீட்டில் இன்னொரு தட்டு கவிழ்ந்து கிடக்கும். பெற்றோர் வருகிற நாளில் என் மெஸ்ஸில் முதல் தட்டு அம்மாவுக்குத்தான்.