அத்தையின் நாக்கும் என் தவக்காலமும்

“பிரியாணிக் கடைக்காரன் மக கறியை விடுறாளாம். இவ விட்டா நம்ம கடைப் பூனையும் விட்டுரும்.”

தவக்காலம் தொடங்கும் திருநீற்றுப் புதனன்று காலைப் பூசை முடிந்து, நெற்றியில் சாம்பல் சிலுவையோடு நான் வீட்டுக்குள் நுழைந்தபோது என் அத்தை சொன்னது இது. அத்தை என்றால் அப்பாவின் அக்கா. எங்கள் வீட்டோடு இருப்பவர். கடைக்கு வெங்காயம் உரிப்பதும் எனக்குத் தோல் உரிப்பதும் அவருடைய பொறுப்பு.

திண்டுக்கல்லில் பிரியாணிக் கடைகளுக்குப் பஞ்சமில்லை. அதில் எங்களுடையது சின்னக் கடை. முன்னால் கடை, பின்னால் வீடு, நடுவில் ஒரே ஒரு கதவு. அந்தக் கதவு மனிதர்களைத்தான் தடுக்கும். பதினோரு மணிக்கு அப்பா தம் உடைக்கும்போது கிளம்பும் வாசனையைத் தடுக்காது. அந்த வாசனையில் உட்கார்ந்துதான் நான் எழுத்துக் கூட்டிப் படித்தேன், பொதுத்தேர்வுக்குப் படித்தேன், பட்டமும் வாங்கினேன். அப்பா, அம்மா, அத்தை மூவரும் பள்ளிக்கூட வாசலை மிதித்ததில்லை. எங்கள் குடும்பத்தில் பள்ளிக்குப் போன முதல் ஆள் நான். இளங்கலை வேதியியல், முதல் வகுப்பு. இதைக் கொஞ்சம் அடக்கமாகவும் சொல்லலாம். எனக்கு விருப்பமில்லை.

ஈஸ்டருக்கு முந்தைய நாற்பது நாள் தவக்காலத்தில் எதையாவது விட வேண்டும் என்பது எங்கள் வழக்கம். நானும் வருடம் தவறாமல் விட்டிருக்கிறேன். ஒரு வருடம் காபியை விட்டேன், டீ குடித்தேன். போன வருடம் பாகற்காயை விட்டேன். ஈஸ்டர் வரை ஒரு துண்டு பாகற்காய்கூட என் உதட்டில் படவில்லை. சாமியாரிடம் பாவத்தைச் சொல்லும் பாவசங்கீர்த்தனத்தில் அதையும் சொல்லச் சொன்னாள் அம்மா. அந்த வெட்கத்தில்தான் இந்த வருடம் உண்மையாகவே எனக்கு வலிக்கிற ஒன்றை விடுவது என்று முடிவு செய்தேன். எனக்கு வலிக்கிற ஒன்று எது என்று யோசிக்க வேண்டிய அவசியமே இருக்கவில்லை.

அந்த நேரத்தில்தான் கோயம்புத்தூர் பேச்சும் ஓடிக்கொண்டிருந்தது. முதுகலை படிக்க அங்கே ஒரு கல்லூரியைப் பார்த்து வைத்திருந்தேன். விடுதியில் தங்க வேண்டும். அப்பா ஆம் என்றும் சொல்லவில்லை, இல்லை என்றும் சொல்லவில்லை. அடுப்பில் வேலை இருக்கிறது என்று எழுந்து போவார். அத்தைதான் அவருக்கும் சேர்த்துப் பேசினார்.

“கண்ணு முன்னால கறி இருந்தா கையைக் கட்டத் தெரியாதவ, தெரியாத ஊருல போயி எப்பிடிடி தன்னைக் கட்டிக்கிருவா?”

அப்பா அதைக் கெட்டியாகப் பிடித்துக்கொண்டார். ஈஸ்டர் வரைக்கும் ஒரு துண்டு கறி, ஒரு சொட்டுக் குழம்பு உன் வாயில் படக் கூடாது, இருந்து காட்டு, அப்புறம் கோயம்புத்தூரைப் பற்றிப் பேசலாம் என்றார். சொல்லும்போதே சிரித்தார். நான் இரண்டாவது வாரம் தாண்ட மாட்டேன் என்று அவருக்கு நிச்சயம்.

அவர் என்னை அனுப்பத் தயங்கியதற்கு வேறொரு காரணம் உண்டு. அதை அவர் வாய்விட்டுச் சொல்லவில்லை, ஆனால் எங்கள் எல்லோருக்கும் தெரியும். எங்கள் கடையில் உப்புப் பார்க்கும் ஆள் நான்.

அரிசி போடுவதற்கு முன்னால் அண்டாவில் கறியோடு மசாலாத் தண்ணீர் கொதிக்கும். அதில் உப்பு ஒரு பிடி தூக்கலாக இருக்க வேண்டும். அரிசி அதை இழுத்துக்கொள்ளும். அந்த ஒரு பிடி எது என்று நாக்குதான் சொல்ல வேண்டும். முன்பொரு முறை அப்பா, தன்னோடு வேலை செய்த மூன்று பேரை ருசி பார்க்கச் சொல்லி, மூன்று பேர் சொன்னதையும் கேட்டு மூன்று தடவை உப்புப் போட்டுவிட்டார். அன்றைய பிரியாணியைத் தின்ற தெரு நாய்கள் சாயங்காலம் வரை குழாயடியில் நின்றன. அதிலிருந்து கடை உப்பை வெளியாள் நாக்கு பார்க்கக் கூடாது என்று ஆகிவிட்டது. நான் சிறுமியாக இருந்தபோது ஒருநாள், எல்லோரும் சரி என்ற உப்பை நான் மட்டும் குறைவு என்றேன். நான் சொன்னதுதான் சரி. அன்று முதல் தினமும் அப்பா உப்பைப் போட்டு, ருசி பார்த்துவிட்டு, கரண்டியை என் பக்கம் நீட்டுவார். என் தலை ஆடினால்தான் அரிசி விழும்.

இப்போது அந்தத் தலை தவக்காலத்துக்குப் போய்விட்டது. அப்பா தன் நாக்கை மட்டும் நம்பிக் கடையை ஓட்டினார். ஒவ்வொரு நாளும் அரிசி போடும் முன் என்னை ஏக்கத்தோடு பார்ப்பார். நான் வெளியே தெருவைப் பார்ப்பேன்.

சோதனை என்றால் ஏதோ கொம்பும் வாலுமாக வரும் என்று சிறுவயதில் கோயில் ஞானோபதேச வகுப்பில் படம் போட்டுக் காட்டியிருந்தார்கள். என் சோதனை கண்டாங்கிச் சேலை கட்டிக்கொண்டு, தட்டில் தொடைக்கறியோடு வந்தது. “நீ திங்க வேண்டாம்டி, பூனைக்குப் போடு” என்று அத்தை தினமும் என் முன்னால் வைத்துவிட்டுப் போவார். நான் பார்க்காத நேரத்தில் எட்டிப் பார்ப்பார். நான் அப்படியே பூனைக்குப் போட்டேன். நான்காவது வாரத்தில் அந்தப் பூனை மதில் ஏற முடியாமல் வாசல் வழியாக நடந்து போக ஆரம்பித்தது.

சாம்பாரும் ரசமும் மோருமாக நாள்கள் போயின. வெள்ளிக்கிழமை சிலுவைப்பாதை ஜெபத்தில் முழங்காலில் நிற்கும்போது என் மனம் ஆண்டவரை அறைந்த கல்வாரிக்குப் போகாமல் நல்லி எலும்புக்குப் போயிற்று. இழுத்துக்கொண்டு வந்தேன்; மறுபடி போயிற்று. மூன்றாவது வாரம் எனக்கு ஒன்று புரிந்தது. நான் ஆண்டவருக்காக இருக்கவில்லை, அத்தையை ஜெயிப்பதற்காக இருந்தேன். காலையில் கண் விழித்ததும் முதல் நினைப்பு ஜெபம் அல்ல, அத்தையின் முகம் ஈஸ்டர் அன்று எப்படிச் சுருங்கும் என்பது. இதைக் கோயிலில் உட்கார்ந்து ஆண்டவரிடம் சொன்னேன். சொல்லும்போதே அத்தையின் முகம் நினைவு வந்து சிரிப்பும் வந்துவிட்டது. ஆண்டவருக்கு என்னைத் தெரியும், அவரே சரிசெய்யட்டும் என்று எழுந்து வந்துவிட்டேன்.

ஐந்தாவது ஞாயிற்றுக்கிழமை ரெட்டியார்சத்திரத்துக்குப் பக்கத்தில் ஒரு தோட்டத்து வீட்டில் காதுகுத்து. பெரிய பந்தி. அப்பாவுக்கு அதுவரை வந்ததிலேயே பெரிய வேலை அது. அதற்கு இரண்டு நாள் முன்னால் அவருக்குச் சளி பிடித்தது. மூக்கு அடைத்து, பேச்சே பீப்பாய்க்குள்ளிருந்து வருவதுபோல ஆகிவிட்டது. மிளகு ரசம் குடித்துவிட்டு, வெந்நீர் நல்லா இருக்கு என்றார்.

அம்மாவைக் கடையில் விட்டுவிட்டு, அப்பா, அத்தை, நான், கரண்டி பிடிக்கும் ஆட்கள் எல்லோரும் வேனில் போனோம். வழியில் கோயிலைப் பார்த்ததும் அப்பா ஸ்தோத்திரம் சொல்லித் தும்மினார். தென்னை மரங்களுக்கு நடுவே அடுப்பு மூட்டினோம். மசாலாத் தண்ணீர் கொதித்தது. அப்பா உப்பைப் போட்டு, ஒரு கரண்டி எடுத்துக் குடித்துப் பார்த்தார். மறுபடி குடித்தார். அவர் முகத்தில் ஒன்றுமே தெரியவில்லை. பிறகு, அத்தனை வாரங்களுக்குப் பிறகு முதல்முறையாக, கரண்டியை என் பக்கம் நீட்டினார்.

“ஆத்தா, எனக்கு ஒண்ணுந் தெரியல. ஒரு சொட்டு.”

நான் கையை நீட்டவில்லை. பின்னாலிருந்து அத்தை பேசினார். “ஞாயித்துக்கிழமை தவக்காலக் கணக்குல வராதாம்ல. நாப்பது நாளுல ஞாயிறைக் கழிச்சிருவாக. நாக்குல வச்சிட்டுத் துப்பிரு. அதைச் சாமி சாப்பாடுன்னு எடுத்துக்கிறாது.”

நான் அசந்துபோனேன். பிரசங்கம் தொடங்கியதும் தூங்கி, முடிந்ததும் எழுந்திருக்கும் அத்தை இதை மட்டும் எங்கே கேட்டு வைத்திருந்தார்? அதிலும் சொன்னது சரியான கணக்கு. பாலைவனத்தில் ஆண்டவரைச் சோதிக்க வந்த சாத்தானும் மறைநூலைத் தெரிந்து வைத்துக்கொண்டுதான் பேசினான். பசிக்கிறவரிடம் கல்லை அப்பமாக்கிக்கொள் என்பது கேட்க எவ்வளவு நியாயமாக இருக்கிறது. எனக்கு முன்னால் இருந்த நியாயம் அதைவிடப் பெரியது. அப்பா தலைகுனியக் கூடாது. பெற்றவருக்கு உதவுவது புண்ணியம். வேண்டுமானால் துப்பிவிடலாம். காரணங்கள் அடுத்தடுத்து வந்து வரிசையில் நின்றன. அதுதான் எனக்குச் சந்தேகத்தைத் தந்தது. நல்ல காரியம் செய்ய எனக்கு எப்போதும் இவ்வளவு காரணங்கள் கிடைத்ததில்லை. அந்தக் கரண்டியைப் பார்த்ததும் அப்பா நினைப்புக்கு முன்னால் என் வாயில் ஊறியது எச்சில்.

ஈஸ்டர் வரைக்கும் என்று சொன்னது நீங்கள்தானே அப்பா, அதில் ஞாயிறைக் கழிக்கவில்லையே என்றேன்.

“நகரு, நானே பாக்குறேன்” என்று அத்தை கரண்டியை வாங்கி உறிஞ்சினார். சப்புக்கொட்டினார். “தம்பி, கரிக்குது. இதுக்கு மேல ஒரு கல்லு போட்டாலும் கெட்டுச்சு.”

வீட்டு நாக்கு சொல்லிவிட்டது. அப்பா நிம்மதியாக அரிசியைப் போட்டு, மூடியின் மேல் சிலுவை வரைந்து, தம் போட்டார். எனக்கு மட்டும் உள்ளே ஏதோ இடித்தது. என்னவென்று பிடிபடவில்லை.

தம் உடைத்தபோது வாசனை தோட்டம் முழுவதும் நடந்து போயிற்று. நான் தென்னை மரத்தைப் பிடித்துக்கொண்டேன். பந்தி உட்காரும் முன், பசி தாங்காது என்று அத்தைக்கு முதல் தட்டு போனது. இரண்டு வாய் சாப்பிட்டுவிட்டு அத்தை நிமிர்ந்தார். அவர் முகத்தில் நான் பார்த்தேயிராத சந்தோஷம். “இம்புட்டு வருசத்துல இன்னைக்குத்தான்டா ஒழுங்கா சமைச்சிருக்க” என்று அப்பாவைப் பார்த்துச் சொல்லிவிட்டு, இன்னொரு கரண்டி கேட்டார்.

அப்போதுதான் இடித்தது என்னவென்று தெரிந்தது. அத்தைக்கு இரத்தக் கொதிப்பு. வருடக்கணக்காக உப்பில்லாச் சாப்பாடு. கடைப் பிரியாணியை அவர் ஒருநாளும் கரிக்குது என்று சொல்லாமல் சாப்பிட்டதில்லை. அத்தைக்குப் பிடித்திருக்கிறது என்றால் அந்த அண்டாவில் உப்பு இல்லை.

அப்பாவிடம் ஓடினேன். அவர் ஒரு வாய் போட்டுப் பார்த்துவிட்டுக் கையை விரித்தார். இலை போட ஆரம்பித்துவிட்டார்கள். “இப்பவாவது பாத்துச் சொல்லு தாயி” என்றார்.

“பாக்க வேண்டாம்ப்பா. உப்பில்ல. அங்க பாருங்க.”

அத்தை மூன்றாவது கரண்டிக்குத் தட்டை நீட்டிக்கொண்டிருந்தார். அப்பா பார்த்தார். தன் அக்காவை அவருக்கு என்னைவிட நன்றாகத் தெரியும். தலையில் கை வைத்துக்கொண்டு அடுப்பு ஓரமாக உட்கார்ந்துவிட்டார். வெந்த சீரக சம்பாவில் உப்பைப் போட்டுக் கிளறினால் பொங்கலாகிவிடும். பந்திக்குப் பொங்கல் போட முடியாது.

என் கண் வெங்காயப் பச்சடிப் பாத்திரத்தின் மேல் விழுந்தது. தயிர், வெங்காயம், பச்சை மிளகாய். எனக்குத் தடையில்லாத சாப்பாடு. உப்பை அள்ளிப் போட்டேன், ருசி பார்த்தேன், மறுபடி போட்டேன். தனியாகச் சாப்பிட்டால் முகம் சுளிக்க வேண்டும், உப்பில்லாத ஒரு கவளத்தோடு சேர்ந்தால் சரியாக இருக்க வேண்டும். அதுதான் கணக்கு. வாரக்கணக்காகக் கறிக்கு ஏங்கிய என் நாக்கு அன்று பச்சடியில் உட்கார்ந்து ஊழியம் செய்தது. பரிமாறுகிறவர்களிடம் சோற்றுக்குப் பக்கத்தில் வைக்காதீர்கள், மேலே ஊற்றுங்கள் என்றேன். எங்கள் ஊரில் இப்படித்தான் சாப்பிடுவோம் என்று கூசாமல் அவர்களை நம்பவைத்தது வேறு பாவம். அதைப் பிறகு பாவசங்கீர்த்தனத்தில் தனியாகச் சொன்னேன்.

முதல் பந்தி முடிவதற்குள் பச்சடிப் பாத்திரம் காலி. மறுபடி தயிருக்கு ஆள் போயிற்று. குழந்தையின் தாய்மாமன் கை கழுவிவிட்டு நேராக எங்களிடம் வந்தார்.

“ஏனுங்க, பிரியாணி பரவால்லீங்க. அந்தப் பச்சடி பண்ணுன கை யாரோடதுங்க? அடுத்த மாசம் எங்க வீட்டு விசேசத்துக்கும் நீங்களே வந்துருங்க.”

அப்பா என்னைக் கைகாட்டினார். அந்த மூக்கடைத்த குரலிலேயே, எம் மக, காலேசு முடிச்சிருக்கு என்றார். முன்பின் தெரியாத ஒருவரிடம் அப்பா அதைச் சொல்லி நான் கேட்டது அதுதான் முதல் தடவை.

திரும்பும்போது வேனில் அத்தை வயிறு நிறைந்து என் தோளில் சாய்ந்து தூங்கினார். எனக்கு அவர் மேல் கோபம் வரவில்லை. அவர் என்னைச் சோதித்தாரே தவிர, ஏமாற்றவில்லை. அவர் நாக்குக்கு அது உண்மையாகவே கரித்தது. அவர் தலை ஆடி விழாமல் பிடித்துக்கொண்டே வந்தேன். ஜெயித்துவிட்ட நினைப்பு பாதி வழியில்தான் வந்தது. அதுவும் முன்போல இனிக்கவில்லை.

அடுத்த நாளிலிருந்து அம்மாவைப் பிடித்தேன். அம்மாவும் கறி தொடாத விரதத்தில் இருந்ததால், வெறும் வெந்நீரில் உப்பைக் கரைத்து டம்ளர் டம்ளராகக் கொடுத்தேன். எது அரிசிக்குச் சரி, எது குறைவு என்று தினமும் காலையில் பாடம். மகள் வாத்தியார் ஆனால் இதையும் குடிக்க வேண்டியிருக்கிறது என்று அம்மா முகத்தைச் சுளித்துக்கொண்டே குடித்தாள். ஈஸ்டருக்கு முந்தைய பரிசுத்த வாரம் முடிவதற்குள் கண்ணை மூடிக்கொண்டு சொல்லத் தேறிவிட்டாள்.

ஈஸ்டர் அன்று தம் உடைத்ததும் முதல் தட்டு எனக்கு. அப்பா எதிரே உட்கார்ந்து நான் சாப்பிடுவதைப் பார்த்தார். நான் தலையாட்டினேன். அன்று உப்புப் பார்த்தது அம்மா. இனி கடை உப்புக்கு நான் வேண்டியதில்லை என்பது அப்பாவுக்கும் தெரிந்துவிட்டது. பிறகு மெதுவாக, கோயம்புத்தூருக்கு எப்போ எழுதிப் போடணும் என்று கேட்டார்.

“கறியை விட்டுட்டாப்ல ஆச்சா? விடுதியில என்னென்ன இருக்கோ” என்று அத்தை தொடங்கினார். பூனை அவர் காலடியில், எழுந்திருக்க முடியாமல் படுத்திருந்தது.

நான் எலும்பைக் கீழே வைத்துவிட்டு, கையைக் கழுவி, அப்பாவிடம் கைப்பேசியைக் காட்டினேன். விண்ணப்பம் போய்ச் சேர்ந்துவிட்டது என்ற செய்தி அதில் இருந்தது. ரெட்டியார்சத்திரத்திலிருந்து திரும்பிய அன்று, அத்தை என் தோளில் தூங்கிக்கொண்டிருந்தபோதே ஒரு கையால் அனுப்பியிருந்தேன்.