மாட்டின் நெற்றியில் இருந்த பட்டாளத்து வில்லை

முப்பத்தைந்தாம் வருஷம் என்று நினைக்கிறேன், அவிநாசித் தேர்ச் சந்தையில்தான் இது ஆரம்பித்தது. அப்போது எனக்குக் கோயமுத்தூரில் நூல் கடை. யுத்தத்துக்குப் போய்த் திரும்பியவர்களின் தொப்பி வில்லைகளைச் சேர்ப்பதில் எனக்கு ஒரு பைத்தியம். ஒவ்வொரு பட்டாளத்துக்கும் ஒரு சின்னத்தைப் பித்தளையில் அடித்திருப்பார்கள். யானை பொறித்த ஒன்று மட்டும் எனக்கு அகப்படவே இல்லை. அந்தப் பட்டாளத்தையே கலைத்துவிட்டார்கள், இனிக் கிடைக்காது என்றார்கள்.

பெருந்துறைப் பக்கம் தோட்டம் வைத்திருந்த என் மாமனாருக்குக் கிணற்றுத் தண்ணீரைக் கவலை கட்டி இறைக்க ஓர் எருது வேண்டியிருந்தது. கவலையில் பூட்டியிருந்த ஜோடியில் ஒன்றுக்கு வயதாகிவிட்டது. என்னை நம்பிச் சந்தைக்கு அனுப்பினார். அங்கே ஒரு மயிலை எருதின் நெற்றிப் பட்டையில் அந்த யானை வில்லை பளபளத்தது! பல்லைப் பார்த்தேனா, மயிர்ச் சுழியைப் பார்த்தேனா, ஒன்றும் இல்லை.

"வில்லையோட சேத்தே புடிச்சுட்டுப் போங்க" என்றார் விற்றவர். மாடு விற்பவர்கள் பழைய கயிற்றைக்கூட அவிழ்த்துக்கொள்வதுதான் எங்கள் பக்கத்து வழக்கம். இவர் பட்டையையே விட்டுக்கொடுக்கிறாரே என்று எனக்குச் சந்தேகம் வந்திருக்க வேண்டும். வரவில்லை.

மாமனார் வீட்டு வாசலில் பட்டையை அவிழ்த்ததும் குட்டு வெளிப்பட்டது. வில்லை மறைத்திருந்த இடத்தில் இரட்டைச் சுழி! குடும்பத்துக்கு ஆகாது என்று அப்படிப்பட்ட மாட்டை யாரும் தொடமாட்டார்கள்.

"ஏனுங்க மாப்பிள்ளை, மாடு வாங்கப் போனீங்களா, பித்தளை வாங்கப் போனீங்களா?" என்றார் மாமனார். விடிந்ததும் வில்லையோடு மாட்டைத் திருப்பிக் கொடுத்துவிட வேண்டும் என்றும் சொல்லிவிட்டார். எனக்கு மானமும் போயிற்று, யானையும் போயிற்று.

விடிந்தபோது அந்தக் கிழட்டு எருது எழுந்திருக்கவே இல்லை. தோட்டத்தில் ராகி வாடிக்கொண்டிருந்தது.

"இன்னைக்கு ஒரு நாளைக்கு மட்டும் பூட்டிப் பாக்கலாமுங்க மாமா" என்று கெஞ்சினேன். வேறு வழியில்லாமல் தலையாட்டினார்.

கவலையில் மாடுகள் சரிவில் இறங்கினால் தண்ணீர்ச் சால் மேலே வரும். பிறகு திரும்பாமல் பின்னாலேயே நடந்து மேடேற வேண்டும். புது மாட்டுக்கு அதைப் பழக்குவதற்குள் உயிர் போய்விடும். என் எருதோ, கயிற்றை யாரும் இழுக்காமலே பின்னால் நடந்து ஏறியது! கிணற்றில் தண்ணீர் அடியில் கிடந்தும், பொழுது சாயும்வரை அது சளைக்கவில்லை. பக்கத்துத் தோட்டத்துக்காரர்கள் வேலையைப் போட்டுவிட்டு வந்து வேடிக்கை பார்த்தார்கள். ராகியின் கடைசிப் பாத்திக்கும் தண்ணீர் பாய்ந்தபோது எனக்குத் தலைகால் புரியவில்லை.

மாமனார் தன் கையாலேயே அதற்குப் புண்ணாக்குத் தண்ணீர் வைத்தார். நான் நெற்றிப் பட்டையைக் கட்டப் போனேன். என் கையைப் பிடித்து நிறுத்திவிட்டார்.

"அதை எதுக்கு மறைக்கோணும்? நல்லா ஊரே பாக்கட்டும்! வில்லையை நீங்களே வெச்சுக்குங்க மாப்பிள்ளை."

இன்றைக்கும் என் பெட்டியைத் திறந்தால் யானையைத்தான் முதலில் எடுத்துக் காட்டுவேன். ஆகாது என்று எல்லோரும் ஒதுக்கிய ஒரு மாடு எனக்கு ஜெயித்துக் கொடுத்த வில்லை அது என்பதால், அதன் பிறகு யாரையும் நெற்றியைப் பார்த்து எடைபோட எனக்கு மனசு வந்ததே இல்லை.