பின்னால் போகும் பத்து நிமிடம்

கட்டிவிட்ட கதை என்று நினைப்பவர்கள் நினைத்துக்கொள்ளட்டும். இது நடந்தது. அனுபவித்தவள் என் சினேகிதி. என் எதிரே உட்கார்ந்து அழுதுகொண்டே சொன்னாள். அதுவும் நடந்தது பட்டப்பகலில். பேய்க்கு இருட்டுதான் வேண்டும் என்று யார் சொன்னது?

அவளுடைய மாமா, அதாவது அக்கா புருஷன், இறந்து ஐந்து மாதம். ஆபீசில் அவர் பார்த்த, கம்ப்யூட்டர் சர்வரைப் பராமரிக்கும் வேலை இவள் தலையில் விழுந்திருந்தது. வீட்டில் அக்கா பித்துப் பிடித்தவள் மாதிரி கிடந்து, இப்போதுதான் நாலு வாய் சாப்பிடுகிறாள். மத்தியானம் மட்டும் போனோடு கதவைச் சாத்திக்கொள்வாள். தூங்கட்டும் என்று இவளும் விட்டுவிட்டாள்.

ஆபீசில் ஒரு தீராத தலைவலி. வெகுநாள் யாரும் பயன்படுத்தாத லாகின் பெயர்களை டேட்டாபேஸிலிருந்து துடைக்கும் புரோகிராம் ஒன்று, தினமும் மத்தியானம் மூன்று மணிக்குத் தானாக ஓட வேண்டும். ஆனால் சரியாக மூன்றுக்கு சர்வர் கடிகாரம் பத்து நிமிடம் பின்னால் போய்விடும். புரோகிராம் குழம்பி, எதையும் தொடாமல் நின்றுவிடும். குப்பை மலையாகச் சேர்ந்தது.

பேட்டரியை மாற்றினாள். பின்னால் போனது. நெட்வொர்க் கம்பியைப் பிடுங்கினாள். அப்போதும் போனது.

"பேய் பிடிச்சிருக்கு போல," என்று சிரித்தார் மேனேஜர். "வெள்ளிக்கிழமைக்குள்ள சரி பண்ணிடும்மா."

வியாழக்கிழமை. அறையில் அவள் மட்டும். 3:00... திரையில் 2:50.

பின்னால் டக் என்று ஒரு சத்தம்.

மாமாவின் பழைய மேஜை. அதன்மேல் இருந்த போனின் ரிசீவர் கீழே கிடந்தது. எடுத்தாள்... சூடாக இருந்தது.

அந்தப் போனின் வயர் சுவரில் மாட்டியே இல்லை.

புரோகிராமை மாற்றினாள். இனி அது கடிகாரத்தைப் பார்க்காது. மெஷின் ஓடத் தொடங்கியதிலிருந்து கழிந்த நொடிகளை எண்ணும். மறுநாள் மூன்று மணிக்குக் கடிகாரம் பின்னால் போனது. புரோகிராம் நிற்கவில்லை. அது அழித்த பெயர்களில் மாமாவின் பெயரும் ஒன்று.

கடிகாரம் அந்த நொடியே முன்னால் வந்து சரியான நேரத்தைக் காட்டியது.

வீட்டில் அக்கா தட்டைத் தொடாமல் உட்கார்ந்திருந்தாள்.

"ஏன்க்கா சாப்பிடல?"

"இன்னிக்குப் பாதியிலயே கட் ஆயிடுச்சு."

"யாரு?"

"உன் மாமாதான். தினமும் மூணு மணிக்குப் பத்து நிமிஷம் பேசுவாரு." அக்கா கண்ணைத் துடைத்துக்கொண்டாள். "நேத்தே சொன்னாரு... 'நாளைக்கு உன் தங்கச்சி வழிய அடைச்சிடுவா. பாவம், தெரியாம செய்யறா. அவளைத் திட்டாதே'ன்னு."

என் சினேகிதி அப்படியே ஆபீசுக்கு ஓடினாள். பழைய புரோகிராமைத் திரும்பப் போட்டாள். மாமாவின் பெயரைத் தன் கையாலேயே சேர்த்தாள். அதன்பிறகு அந்தக் கடிகாரம் ஒரு நொடிகூடப் பின்னால் போகவில்லை.

அக்கா அவளை இன்றுவரை ஒரு வார்த்தை திட்டவில்லை.